ரத்தம் கழுவக் காசு யார் தருவார்?

சித்தூர் பக்கம் மல்லாட்டை பிடுங்கும் காலம். பெண்கள் வரிசையாகக் குனிந்து செடி பிடுங்குவார்கள். செடிக்கு அடியில் நிழல் இருக்கும். எலியும் இருக்கும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும்.

இப்படி ஒரு அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்தைந்து. கூலிக்குச் செடி பிடுங்கப் போனார். கையில் பாம்பு கடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல வேலை செய்தார்கள். கடித்த இடத்தைக் கத்தியால் கீறவில்லை. கயிறு போட்டு இறுக்கவில்லை. மந்திரிக்கக் கூட்டிப் போகவில்லை. 108-க்குப் போன் செய்தார்கள். அரசு மருத்துவமனையில் விஷ முறிவு ஊசி போட்டார்கள். அந்த ஊசிக்கு அங்கே காசு இல்லை. அம்மா கண் விழித்துப் பேசினார். வீட்டுக்காரர் நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

இரண்டாம் நாள் அவர் நர்சிடம் கேட்டார்.

"சிஸ்டர், நேற்றிலிருந்து இவளுக்கு ஒண்ணுக்கே வரலையே. முகம் வேறு ஊதியிருக்குது."

டாக்டர் வந்து பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"விஷம் கிட்னியைத் தாக்கியிருக்குதப்பா. இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. உடனே டயாலிசிஸ் செய்யணும். திருப்பதிக்கு எழுதித் தருகிறேன்."

"எவ்வளவு ஆகும் சார்?"

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நோய் என்ன என்று கேட்பதற்கு முன்பே கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையில் இருப்பது ஒரு வாரக் கூலி. அதைத்தான் அவர்கள் நினைக்க வேண்டியிருக்கிறது.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

நம் முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே, இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. ஊரில் கிட்னி என்றே சொல்கிறோம். ஒவ்வொன்றும் நம் கைமுட்டி அளவு இருக்கும். அவரைக்கொட்டை போன்ற வடிவம்.

உடம்பில் ஓடும் ரத்தம் திரும்பத் திரும்ப அதற்குள் போய் வருகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது. அதில் பெரும்பகுதி மறுபடி ரத்தத்துக்கே போய்விடும். கழிவோடு சேர்ந்து ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே வரும்.

சிறுநீரகம் நின்றால் என்ன ஆகும்? கழிவு ரத்தத்திலேயே தங்கும். குடித்த தண்ணீர் வெளியே போகாது. கால் வீங்கும். முகம் வீங்கும். தண்ணீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு முட்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பொட்டாசியம் என்று ஓர் உப்பு. அது ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடும். அதனால்தான் டாக்டர் 'உடனே' என்கிறார். நிலத்தை அடமானம் வைத்துவிட்டு அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்ல இதில் நேரம் கிடையாது.

டயாலிசிஸ் என்பது என்ன?

ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி, மறுபடி உடம்புக்குள் விடுவதுதான் டயாலிசிஸ். ஒரு குழாய் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும். மெஷினில் முழ நீளத்துக்கும் குறைவான ஓர் உருளை இருக்கும். அதற்குள் முடி போல மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். குழலுக்கு உள்ளே ரத்தம் ஓடும். வெளியே மருந்து கலந்த சுத்தமான நீர் ஓடும். கழிவு குழலின் சுவர் வழியாக நீருக்குள் போய்விடும். ரத்தம் சுத்தமாகி உடம்புக்குத் திரும்பும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் ஆகும்.

இதற்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். சாதாரணத் தண்ணீர் உதவாது. மிகவும் சுத்தம் செய்த தண்ணீர் வேண்டும். மின்சாரம் நிற்கக் கூடாது. பயிற்சி பெற்ற ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மெஷின் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் டயாலிசிஸ் நடந்துவிடாது.

இந்த மெஷினை முதலில் செய்தவர் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர். நெதர்லாந்து நாட்டுக்காரர். 1943-ல் செய்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவருடைய நாடு ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. பொருள் எதுவும் கிடைக்கவில்லை. இறைச்சியை அடைத்து விற்பதற்கு ஒரு மெல்லிய உறை உண்டு. அந்த உறையை ஒரு மர உருளையில் சுற்றினார். அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டார். முதலில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945-ல் 67 வயதுள்ள ஒரு பெண்மணி பிழைத்தார்.

இரண்டு விதமான நோயாளிகள்

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் இரண்டு விதமாக நிற்கும்.

ஒன்று, திடீரென்று நிற்பது. பாம்புக் கடியால் நிற்கலாம். கடுமையான வாந்தி பேதியில் உடம்பு நீர் வற்றினால் நிற்கலாம். எலிக் காய்ச்சல், மலேரியா இவற்றாலும் நிற்கலாம். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனாலும் நிற்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் டயாலிசிஸ் செய்தால் பெரும்பாலும் போதும். அதற்குள் சிறுநீரகம் மெல்ல எழுந்துகொள்ளும். பிறகு மெஷின் தேவை இல்லை. ஆள் வயலுக்கே திரும்பப் போகலாம்.

இன்னொன்று, வருடக்கணக்காகத் தேய்ந்து நிற்பது. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இதற்கு முக்கியக் காரணங்கள். டாக்டரைக் கேட்காமல் தினமும் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் ஒரு காரணம். ஆந்திராவின் வடக்கே ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்ற பகுதி இருக்கிறது. அங்கே தென்னையும் முந்திரியும் விளையும். சர்க்கரையும் கொதிப்பும் இல்லாத உழைப்பாளிகளுக்கே அங்கே கிட்னி கெடுகிறது. காரணம் இன்னும் முழுதாகத் தெரியவில்லை. 2023-ல் அங்கே பலாசா ஊரில் இதற்கென்று ஒரு மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் திறந்தார்கள்.

தேய்ந்து நின்ற சிறுநீரகம் திரும்ப வராது. மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-லேயே அதைச் செய்தார்கள். மாற்று கிடைக்காதவர்கள் வாழ்நாள் முழுவதும் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை செய்ய வேண்டும். தீபாவளியன்றும் முறை வந்தால் போயே ஆக வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

2016-ல் மத்திய அரசின் பட்ஜெட் உரையில் டயாலிசிஸ் பற்றிப் பேசினார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 2,000 ரூபாய் என்று சொன்னார்கள். அந்த விலையையே எடுத்துக்கொள்வோம்.

வாரம் 3 தடவை. 3 × 2,000 = 6,000 ரூபாய்.

வருடத்துக்கு 52 வாரம். 52 × 6,000 = 3,12,000 ரூபாய்.

இது மெஷினுக்கு மட்டும். ரத்தம் ஊறுவதற்கான ஊசி தனி. மாத்திரை தனி. ரத்தச் சோதனை தனி.

இந்தியாவில் ஒவ்வொரு வருடமும் 2 லட்சத்து 20 ஆயிரம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் கெடுகிறது என்றும் அந்த உரையில் சொன்னார்கள். மூன்று லட்சம் ரூபாயை வருடா வருடம் கொடுக்க அவர்களில் எத்தனை பேரால் முடியும்? ஆடு மாட்டை விற்று முதல் மாதம் செய்வார்கள். தாலிக்கொடியை வைத்து இரண்டாம் மாதம் செய்வார்கள். பிறகு வாரம் மூன்று தடவை என்பது இரண்டு ஆகும். இரண்டு ஒன்றாகும். ஒரு நாள் வராமலே நின்றுவிடுவார்கள். மருத்துவமனை நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கும்.

திருப்பதியில் என்ன வழி?

திருமலைக்கு வருகிறவர்கள் உண்டியலில் காசு போடுகிறார்கள். அந்தக் கோயிலைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்துகிறது. அந்தத் தேவஸ்தானம் மருத்துவமனைகளும் நடத்துகிறது. அவற்றில் பெரியது ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம். மக்கள் 'ஸ்விம்ஸ்' என்று சொல்வார்கள். 1993-ல் அங்கே வைத்தியம் தொடங்கியது. 1995-ல் அது பல்கலைக்கழகமும் ஆனது. சித்தூர், கடப்பா, நெல்லூர், அனந்தபூர் என்று பல பக்கத்திலிருந்தும் கிட்னி நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

தேவஸ்தானத்தில் 'பிராணதானம்' என்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பிராணன் என்றால் உயிர். இதயம், சிறுநீரகம், மூளை, புற்றுநோய் போன்ற செலவு மிகுந்த நோய்கள் வந்த ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்ய இந்த நிதி. பக்தர்களும் மற்றவர்களும் இதற்கென்றே தனியாக நன்கொடை தருகிறார்கள். உண்டியலில் போட்டால் அது பொதுப் பணம். இதில் கொடுத்தால் வைத்தியத்துக்கு மட்டும்.

தர்மப் பணம் நல்லதுதான். ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே மாதிரி அது பொருந்தாது. பாம்பு கடித்த அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். எட்டு அல்லது பத்து டயாலிசிஸ். இருபதாயிரம் ரூபாய் போல ஆகும். நான்கு நல்லவர்கள் சேர்ந்து கொடுத்தால் ஒரு முழு உயிர் திரும்ப வரும். இவருக்கு ஒரே தடவை கொடுத்தால் போதும்.

சர்க்கரை நோயால் கிட்னி தேய்ந்தவருக்கு? ஒருவர் 2,000 ரூபாய் கொடுத்தால் அது திங்கட்கிழமைக்குப் போதும். புதன்கிழமைக்கு யாரிடம் கேட்பது? வெள்ளிக்கிழமைக்கு? கொடுத்தவரிடமே மறுபடி போய் நிற்க வெட்கமாக இருக்கும். கொடுத்தவருக்கும் சலிப்பு வரும். அது மனித இயல்பு. ஆகவே இவர்களுக்கு வற்றாமல் வந்துகொண்டே இருக்கும் பணம் வேண்டும். பெரிய அறக்கட்டளைகள் நன்கொடையை வங்கியில் போட்டு வைத்து வட்டியை எடுத்துச் செலவு செய்வது இதற்காகத்தான். அரசாங்கம் இறங்க வேண்டியிருந்ததும் இதற்காகத்தான்.

பணக்கார நாடான அமெரிக்காவிலும் இந்தக் கஷ்டம் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் சியாட்டில் என்ற ஊரில் சில மெஷின்களே இருந்தன. நோயாளிகள் அதிகம். யாருக்கு மெஷின் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்க்காரர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். அவருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன வேலை செய்கிறார் என்றெல்லாம் பார்த்து, இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று அந்தக் குழு முடிவு செய்தது. இல்லை என்றால் சாவு. நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கடைசியில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. டயாலிசிஸ் தேவைப்படுகிற ஏறக்குறைய எல்லோருக்கும் அரசே பணம் கொடுக்கும் என்றது அந்தச் சட்டம்.

ஆந்திராவில் 2007-ல் 'ஆரோக்கியஸ்ரீ' என்ற திட்டம் வந்தது. ஏழைக் குடும்பத்தின் பெரிய வைத்தியச் செலவை அரசு கட்டும். டயாலிசிசும் அதில் அடங்கும். ஆட்சி மாறும்போது திட்டத்தின் பெயரும் மாறியது. இப்போது 'டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை' என்று பெயர். வயதானவர்கள் இன்னும் ஆரோக்கியஸ்ரீ என்றே கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் அது புரிகிறது.

மத்திய அரசும் 2016-ல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. மாவட்ட மருத்துவமனைகளில் மெஷின் வைத்து ஏழைகளுக்கு இலவசமாகச் செய்வது இதன் நோக்கம்.

மெஷின் இலவசம், பஸ் இலவசமா?

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். ஊர்ப்புறத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் தூரம். காலை முறை என்றால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். நோயாளி தனியாகப் போக முடியாது. டயாலிசிஸ் முடிந்ததும் தலை சுற்றும், உடம்பு ஓய்ந்துவிடும். மனைவியோ மகனோ கூடப் போக வேண்டும். அன்றைக்கு இரண்டு பேர் கூலி போச்சு. வாரத்தில் மூன்று நாள் இப்படி. மெஷினுக்கு ஒரு பைசா கொடுக்காத குடும்பமும் இதிலேயே கடனாளி ஆகிறது.

மெஷின் வாங்கித் தர ஆட்கள் முன்வருகிறார்கள். மெஷின் மேல் பெயர் எழுதலாம், மாலை போட்டுப் படம் எடுக்கலாம். பஸ் டிக்கெட் மேல் யார் பெயரையும் எழுத முடியாது. அதனாலோ என்னவோ, அதற்குக் கொடுப்பவர் குறைவு.

2019-ல் ஆந்திர அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. டயாலிசிஸ் செய்துகொள்கிற நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. இப்போது அது 'என்.டி.ஆர். பரோசா' ஓய்வூதியத்தில் வருகிறது. பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் இந்தப் பணம்தான் பல வீடுகளில் கை கொடுக்கிறது. தகுதி இருந்தும் எழுதிக் கொடுக்காமல் இருப்பவர்கள் இருக்கலாம். கிராமச் செயலகத்தில் கேளுங்கள்.

யாரிடம் போய், எதைக் காட்டுவது?

அவசரத்தில் ஓடும்போது ஒரு பையை மறக்காதீர்கள். அதில் ஆதார் அட்டை இருக்கட்டும். அரிசிக் கார்டு இருக்கட்டும். பழைய சீட்டு, ரத்தச் சோதனைத் தாள் எல்லாம் இருக்கட்டும். அனுப்பி வைத்த டாக்டரின் கடிதம் மிகவும் முக்கியம். கார்டு வீட்டில் இருந்தால் கவலைப்பட்டு நிற்க வேண்டாம். முதலில் நோயாளியைச் சேருங்கள். கார்டை எடுத்துவர இன்னொருவரை அனுப்புங்கள்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் 'ஆரோக்கிய மித்ரா' என்று ஒருவர் இருப்பார். மித்ரா என்றால் நண்பர். திட்டத்துக்கான தாள்களைப் பார்த்துச் சேர்த்துவிடுவது அவர் வேலை. அவரைத் தேடிப் போங்கள். இது பிச்சை கேட்பது அல்ல, அதனால் தலை குனிய வேண்டாம். திட்டத்தில் இடமில்லை என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பிராணதானம் போன்ற அறநிதிக்கு எழுதிக் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமர் தேசிய நிவாரண நிதி இரண்டுக்கும் கூட விண்ணப்பம் எழுதலாம். ஆனால் அந்தப் பணம் வர நாள் ஆகும். அவசரத்துக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடுங்கள். இப்போதுதான் நமக்குப் படிக்கத் தெரியுமே. தெலுங்கில் இருந்தால் தெலுங்கு தெரிந்தவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சித்தூரிலிருந்து வேலூர் பக்கம். திருத்தணியிலிருந்து திருப்பதி பக்கம். நோய்க்கு மாநில எல்லை தெரியாது, கார்டுக்குத் தெரியும். ஆந்திரத் திட்டம் ஆந்திரக் குடும்பத்துக்கு. தமிழ்நாட்டில் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அது தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு. அடுத்த மாநில மருத்துவமனைக்குப் போகும் முன் நம் கார்டு அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சென்னையில் டேங்கர் அறக்கட்டளை என்ற அமைப்பு 1993 முதல் இருக்கிறது. ஏழைகளுக்குக் குறைந்த செலவில் டயாலிசிஸ் செய்ய அது உதவி வருகிறது.

தொடர்ந்து டயாலிசிஸ் செய்பவருக்குக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக் குழாயைத் தயார் செய்வார்கள். அது தயாராக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்தக் கையில் ஊசி போடவோ, ரத்த அழுத்தம் பார்க்கவோ விடக்கூடாது. உப்பு, ஊறுகாய், அப்பளம் குறைக்க வேண்டும். தண்ணீரையும் டாக்டர் சொன்ன அளவுதான் குடிக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். வாழைப்பழம் வாங்கி வருவார்கள். வேண்டாம். அவற்றில் பொட்டாசியம் அதிகம். உயிருக்கே ஆபத்து.

பாம்பு கடித்த அந்த அம்மா என்ன ஆனார்? கழுத்தில் குழாய் போட்டு அன்று இரவே டயாலிசிஸ் தொடங்கினார்கள். பத்து நாள் சொட்டுச் சிறுநீர் இல்லை. வீட்டுக்காரர் தினமும் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். பதினொன்றாம் நாள் அரை டம்ளர் வந்தது. மூன்றாம் வாரம் மெஷின் வேண்டாம் என்றார்கள். ஊருக்குத் திரும்பும்போது டாக்டர் ஒரு சீட்டு கொடுத்தார். ஒரு மாதம் கழித்து ரத்தச் சோதனைக்கு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த அம்மா தேதியைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். சீட்டை மடித்து அரிசிக் கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.